நெகிரி செம்பிலான் தோட்டங்களும் கழற்றி வைத்த சென்சாரும்

“அந்த வயரைக் கழற்றிவிடு, கார் நல்லாத்தான் ஓடும்” என்ற யோசனை மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிரம்பான், பகாவ், ரந்தாவ் வட்டாரங்களில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று ஃபோர்மேன் சொல்வார். புதிது வாங்குவதா, இருப்பதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதா என்ற கேள்வி வரும். பல நேரம் இரண்டாவதுதான் வெல்லும். படித்தவர்கள் இதை அறியாமை என்பார்கள், பரிவுள்ளவர்கள் வறுமை என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தப் பழக்கத்தை ரப்பர்த் தோட்டத்துத் தமிழ் மக்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1990களின் நடுப்பகுதி வரை சென்சார் இல்லாமல் கார் ஓடுவதே இந்நாட்டின் பொது வழக்கம். கார் செய்தவர்கள், எண்ணெய் சுத்திகரித்தவர்கள், சட்டம் போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்திய வழக்கம் அது. பிறகு சட்டம் மாறியது. ஆனால் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் நாளை மட்டுமே அது பார்த்தது. அதற்குப் பிறகு அந்தக் காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாரில்லை. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழர்கள் கார் வாங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஆகவே கழற்றி வைத்த சென்சாரை யாரோ ஒருவரின் கஞ்சத்தனம் என்று ஒதுக்காமல், இந்த மாநிலத் தோட்ட வரலாற்றின் பிற்பகுதியாகவே படிக்க வேண்டும்.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். ஸ்பார்க் பிளக் போன்ற உருவம், கட்டை விரலை விடக் கொஞ்சம் நீளம், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகப்பட்டிருக்கும். உள்ளே சிர்க்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு புறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதும், இரு புறங்களுக்கும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப அது ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தரும். கலவையில் பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். காற்று அதிகமானால் 0.1 அளவுக்கு இறங்கும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழு எரிப்புக்கான அளவு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கலவை ஊசலாடுவதைச் சென்சார் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்; எஞ்சினின் கணினி அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நல்ல சென்சாரின் வயரில் மீட்டரை வைத்தால், சூடேறிய எஞ்சினில் முள் ஒரு நிலையில் நிற்காது. பத்து விநாடிக்குள் பல முறை ஏறி இறங்கும். வயரைக் கழற்றினால் கணினிக்குக் கண் போய்விடும். தொழிற்சாலையில் எழுதி வைத்த பொதுக் கணக்கின்படி அது பெட்ரோலைத் தெளிக்கும். எஞ்சினுக்குச் சேதம் வரக்கூடாது என்பதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பெட்ரோல் பக்கமே சாய்ந்திருக்கும்.

அப்படிச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். பிளக் முனையில் வறண்ட கரி படியும், புகைக்குழாய் வாயில் விரலை வைத்தால் கறுப்பு ஒட்டும், மூடிய இடத்தில் எரியாத பெட்ரோல் வாடை அடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். பிஸ்டன் ரிங்குகள் சீக்கிரம் தேயும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கும் காரில் அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. உள்ளிருக்கும் தேன்கூட்டு அமைப்பு மிகையாகச் சூடேறி உருகி அடைத்துக்கொள்ளும், பிறகு மேடு ஏற கார் திணறும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முழுதாகச் செத்த சென்சாரைவிடச் சாகும் தறுவாயில் உள்ள சென்சார் மோசமானது. கலவையில் பெட்ரோல் குறைவு என்றே அது பொய் சொல்லிக்கொண்டிருந்தால், கணினி அதை நம்பித் தன் எல்லை வரை பெட்ரோலை ஊற்றும். அந்த நேரத்தில் வயரைக் கழற்றினால் கார் உண்மையிலேயே தேறும். “கழற்றினால் நல்லா ஓடும்” என்ற பட்டறை ஞானம் பிறந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்த அனுபவத்தில் பிறந்தது அது. பொய்யான சாட்சியை வெளியேற்றிய சரியான செயல், சாட்சியே தேவையில்லை என்ற தவறான பாடமாக நின்றுவிட்டது.

இனி தோட்டத்துக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் கித்தா எனும் ரப்பர் மரம் பரவியதே மோட்டார் வாகனத்தால்தான். சுங்கை ஊஜோங் பகுதியில் முன்பு கோப்பி பயிரிட்ட துரைமார்கள் 1900க்குப் பிறகு கித்தாவுக்கு மாறினார்கள்; 1891இல் திறந்த சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில் பாதை சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தது. அமெரிக்காவில் கார் உற்பத்தி பெருகப் பெருக லிங்கி, லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் பக்கங்களில் காடு அழிந்து நேர்வரிசை மரங்களாயிற்று. டயர் செய்யும் டன்லப் நிறுவனமே பகாவ் வட்டாரத்தில் தோட்டம் வைத்திருந்தது. அங்குள்ள கெடெஸ் தோட்டத்தின் பெயர் அந்நிறுவனத் தலைவர் எரிக் கெடெஸைக் குறிப்பது. கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கோ கார் தேவைப்படவே இல்லை. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, பெரட்டு முடிந்ததும் நடந்தே மர நிரை, பால் எடுத்ததும் ஸ்டோர், மாலையில் லயத்து வீடு. தோட்டத்தில் காடி என்றால் அது துரையுடையது, மிஞ்சினால் டாக்டருடையது. ஆனால் இயந்திரம் தொழிலாளிக்கு அந்நியமில்லை. ஷீட் உருட்டும் கொட்டகையில் டீசல் எஞ்சின் ஓடியது, பால் லாரி ஓடியது, பின்னர் டிராக்டரும் வந்தது. லாரியில் வாளி ஏற்றிய பையன் கிளீனராகி, டிரைவராகி, சிலர் ஃபிட்டராகவும் ஆனார்கள். காதால் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்கும் கல்வி அங்கே நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடந்ததால் அதைக் கல்வி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜப்பானியர் காலத்தை இந்த வரலாற்றில் தாண்டிப் போய்விட முடியாது. 1942க்குப் பிறகு பெட்ரோல் ராணுவத்துக்கு மட்டும் என்றானதும், மலாயாவின் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்னால் உருளை வடிவ அடுப்பு, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதுவே எரிபொருள். கப்பல் ஏற வழியில்லாமல் தேங்கிய ரப்பரையே காய்ச்சி வடித்து எரிபொருள் எடுத்ததும் அந்த ஆண்டுகளில்தான். தோட்டத்து ஆண்களில் பலரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன அதே காலம். கரிவாயு வண்டியில் டிரைவரின் கை ஒரு காற்று வால்விலேயே இருக்கும். மேடு வந்தால் ஒரு அளவு, இறக்கத்தில் ஒரு அளவு, கரி ஈரமானால் இன்னொரு அளவு. எஞ்சினின் பலம் பாதியளவுக்குக்கூட விழும். ஆனாலும் வண்டி நகர்ந்தது. காற்றையும் எரிபொருளையும் சேர்க்கும் வேலை மனிதக் கையில் இருக்கிறது, கை தேர்ந்தால் எதையும் ஓட்டலாம் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்கு வேர்விட்டதில் அந்த மூன்றரை ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு.

போருக்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகள் கார்புரேட்டரின் காலம். மோரிஸ் மைனர், ஆஸ்டின், பிறகு டாட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா. துரைகள் போய்க் கிராணிமாரும் ஆசிரியர்களும் டிரஸ்ஸர்களும் இந்தக் கார்களைப் பழையதாக வாங்கினார்கள். அவற்றைச் சரிபார்த்த கைவினையின் மேல் மதிப்பு வைத்தே பேச வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு, கலவைத் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஓரிடத்தில் சத்தம் உச்சத்துக்குப் போய் மென்மையாகும். அங்கிருந்து ஒரு நூல் பின்வாங்கி நிறுத்துவது கணக்கு. பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். கோப்பிப்பொடி நிறம் என்றால் சரி, கரியென்றால் பெட்ரோல் அதிகம், சாம்பல் வெளுப்பு என்றால் காற்று அதிகம். சிரம்பான் சீனர் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்த தோட்டத்துப் பையன்கள் இதைத்தான் கற்றார்கள். சென்சார் செய்யும் வேலையைக் காதும் கண்ணும் செய்தன. விநாடிதோறும் செய்வதற்குப் பதில் சில மாதத்துக்கு ஒரு முறை செய்தன என்பதுதான் வேறுபாடு. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அன்று யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமிருக்கவில்லை.

ஏனென்றால் சென்சார் வந்திருந்தாலும் இங்கே அது பிழைத்திருக்காது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய ஆக்சிஜன் சென்சார் 1976இல் முதன்முதலாக வோல்வோ கார்களில் ஏறியது. கலிஃபோர்னியாவின் புகைச் சட்டம் அதற்குக் காரணம். அந்தச் சென்சாருக்கும் அதோடு வந்த கன்வர்ட்டருக்கும் பொதுவான பெரும் பகைவன் ஈயம். எஞ்சின் ‘நாக்’ அடிக்காமலிருக்க 1920களிலிருந்து பெட்ரோலில் கலந்துவந்த ஈயச் சேர்மம், எரிந்தபின் சென்சார் முனையிலும் கன்வர்ட்டரின் பிளாட்டினப் பூச்சிலும் படிந்து இரண்டையும் செயலிழக்கச் செய்யும். எனவே ஈயப் பெட்ரோல் விற்ற நாடுகளுக்குக் கார் நிறுவனங்கள் கன்வர்ட்டர் இல்லாத வகைகளையே அனுப்பின. மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களிலும் அத்தகைய சந்தைகளுக்கானவை பலவற்றில் சென்சார் இருக்காது. மெதுவோட்டக் கலவையைச் சரிசெய்ய ஒரு சிறு திருகு மட்டும் இருக்கும். மலேசியா அப்படிப்பட்ட சந்தைதான். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், பெட்ரோலில் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறை 1985இல்தான் வந்தது. 1990இல் வரம்பு லிட்டருக்கு 0.15 கிராமுக்கு இறங்கியது. ஈயமற்ற பெட்ரோல் 1990களின் தொடக்கத்தில் நிலையங்களுக்கு வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஈயப் பெட்ரோலை வெளியேற்றியது. பெட்ரோல் எஞ்சின் புகைக்கான ஒழுங்குமுறை 1996இல் பிறந்தது. புதிய வகைக் கார்களுக்கு யூரோ 1 என்ற ஐரோப்பியப் புகைத் தரம் 1997 முதல் கட்டாயமானது. அதற்கு முன்பு சென்சார் இல்லாமல் ஓட்டியவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, எந்த அறிவுரையையும் தட்டவில்லை.

இதே ஆண்டுகளில் தோட்டத்துக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கித்தா போய்ச் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை வந்தது; செம்பனைக்குக் குறைந்த ஆள் போதும். பிறகு நிலமே வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. நீலாய், சிரம்பான் 2, செண்டாயான் என்று இன்று நகரமாகத் தெரியும் இடங்களின் பெரும்பகுதி தோட்ட நிலம். லயத்தை இழந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் போயின. வேலை செனாவாங் தொழிற்பேட்டையில், நீலாய் கிடங்கில், சிலருக்குக் கோலாலம்பூரில். வாசலில் இருந்த வேலை பத்து, இருபது, ஐம்பது கிலோமீட்டருக்குப் போய்விட்டது. தோட்டத் தமிழருக்குக் கார் தேவைப்பட்டது இப்போதுதான். வசதி வந்ததால் வாங்கினார்கள் என்று சொல்வது பாதிக் கதை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே விழுந்த தூரத்தைக் கடக்க வாங்கினார்கள். 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகா, 1992இல் வந்த இஸ்வாரா, 1993இல் வீரா, 1994இல் பெரோடுவா கஞ்சில் என்று உள்ளூர்க் கார்கள் வரிசையாக வந்தன. புதிதாக வாங்க முடிந்தவர்கள் குறைவு. முதல் சொந்தக்காரர் ஏழெட்டு ஆண்டு ஓட்டியபின் கைமாறியதே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்தது. ஆரம்பகாலச் சாகாவும் கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகள். அப்பாவுக்குத் தெரிந்த ஃபோர்மேனே அவற்றுக்குப் போதும். மின்னணுத் தெளிப்பும் சென்சாரும் கொண்ட கார் கைமாறி இவர்களிடம் வந்து சேர்ந்தபோது ஆண்டு 2000 தாண்டிவிட்டது. ஃபோர்மேன் மட்டும் அவரேதான்.

அவர் கற்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் 1989இல் அமைந்து வாகனப் பராமரிப்புக்குச் சான்றிதழ் முறை வந்தாலும், ஆறாம் வகுப்பிலோ மூன்றாம் படிவத்திலோ நின்றுவிட்ட தோட்டத்துப் பையனுக்கு அந்த வாசல் எட்டாத உயரம். கார் நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் நிலையத்துக்கு மட்டும் கோளாறுக் குறியீட்டுப் புத்தகத்தையும் கருவியையும் கொடுத்தன. அப்படியும் திறமையானவர்கள் வழி கண்டார்கள். மிட்சுபிஷி வழிவந்த எஞ்சின்களில் சோதனை முனையில் விளக்கையோ மீட்டரையோ இணைத்தால் அது கண் சிமிட்டும்; நீண்ட சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. ஒரு நீண்டது, ஒரு குட்டை: குறியீடு 11, ஆக்சிஜன் சென்சார். இதை மனப்பாடமாகச் சொல்லும் ஃபோர்மேன்கள் இருந்தார்கள். ஆனால் குறியீடு தெரிந்தபின் மாற்றுப் பொருள் வேண்டுமே? அது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து இறக்குமதியான கார்களை விற்கும் போத்தோங் கடையிலிருந்து வந்தது. பத்து ஆண்டு ஓடிய சென்சார், ஒட்டிப் பிணைத்த வயர். அதுவும் ஓரிரு மாதத்தில் போகும். இன்னொரு பக்கம், அடைத்த கன்வர்ட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்தால் உள்ளிருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காக நல்ல பணம் கிடைத்தது. கன்வர்ட்டர் போன இடத்தில் நேர்குழாய் வந்தது. பிறகு சென்சார் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. வாங்குவதற்குச் சந்தை மோசம், விற்பதற்குச் சந்தை சிறப்பு. இப்படி ஒரு ஏற்பாட்டில் மனிதர்கள் வேறு விதமாக நடந்திருந்தால்தான் வியக்க வேண்டும்.

சென்சாரைக் கழற்றுவது தவறு என்றால் முதல் மறுப்பு பட்டறையிலிருந்தே வரும். எத்தனையோ ஆண்டுகள் எஞ்சின்கள் சென்சார் இல்லாமல் ஓடவில்லையா? ஓடின, நன்றாகவே ஓடின. ஆனால் அந்த எஞ்சின்கள் அப்படி ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை, அவற்றின் கலவையைத் திருத்த ஒரு திருகு இருந்தது, திருகைத் தெரிந்த கையும் இருந்தது. யூரோ 1க்குப் பிந்திய காரில் அந்தத் திருகு கிடையாது. ஏர் ஃபில்டர் அடைக்கலாம், இன்ஜெக்டர் கசியலாம், வெற்றிடக் குழாய் வெடிக்கலாம். எஞ்சின் வயதாக வயதாக உண்டாகும் இத்தனை பிசகுகளையும் சென்சார் சொல்லித்தான் கணினி ஈடுகட்டுகிறது. அதைக் கழற்றினால் இருபது ஆண்டுத் தேய்மானமுள்ள எஞ்சின், புத்தம்புது எஞ்சினுக்கு எழுதிய கணக்கில் ஓடுகிறது. கார்புரேட்டர் கால ஃபோர்மேன் ஒரு நாளும் இப்படி விட்டிருக்க மாட்டார். பிளக்கின் நிறம் பார்த்து மறுபடியும் திருகியிருப்பார். பழைய முறைக்குத் திரும்பிவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்மையில் பழையதும் புதியதும் இல்லாத நடுத்தெருவில் நிற்கிறார்கள். இதை அவர்களிடம் சொல்ல வேண்டிய கடமை கார் விற்ற நிறுவனங்களுக்கு இருந்தது. சர்வீஸ் நிலையத்தின் வாசலோடு அந்தக் கடமை முடிந்ததாக அவை எடுத்துக்கொண்டன.

இரண்டாவது மறுப்பு கனமானது: கையில் பணமில்லாதவனிடம் சென்சார் வாங்கச் சொல்வது எளிது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழுதான ஆக்சிஜன் சென்சார் போன்ற கடுமையான கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அது உச்சபட்ச நிலை, எல்லாக் காருக்கும் பொருந்தாது. பத்து சதவீதம் என்றே வைப்போம். மாதம் 150 லிட்டர் அடிப்பவருக்கு 15 லிட்டர் வீண். 2025 வரை இருந்த, லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 5 சென் என்ற விலையில் மாதம் 30 வெள்ளி 75 சென். ஆண்டுக்கு 369 வெள்ளி. பல உள்ளூர்க் கார்களுக்கு மாற்றுச் சென்சாரின் விலை இதைவிடக் குறைவு. அப்படியானால் வறுமை மட்டும் இதற்கு விடையாகாது. பணம் போகும் விதம்தான் விடை. ஒரே நாளில் கொடுக்கும் இருநூறு வலிக்கிறது, மாதாமாதம் கரையும் முப்பது கண்ணில் படுவதில்லை. தோட்டத்துக் கடைக் கணக்கும் இப்படித்தான் குடும்பங்களைத் தின்றது. அரசு மானியம் இதற்குத் துணைபோனது. பெட்ரோல் மலிவாக இருந்தவரை வீணடிப்பதும் மலிவாக இருந்தது. 2008 ஜூனில் லிட்டர் 1.92 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 2.70க்கு ஏறியபோது நாடே கொதித்தது. ஆனால் அவரவர் காரே அந்தப் பெட்ரோலைச் சரியாக எரிக்கவில்லை என்பதை அப்போதும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மானியம் ஏழைக்காகக் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பங்கு அவனுடைய புகைக்குழாய் வழியாகவே போனது.

இப்போது சட்டத்தின் பக்கம். 1994இல் அமைந்த வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம், லாரி, பஸ், டாக்சி போன்ற வணிக வாகனங்களைக் காலமுறையில் சோதித்தது. தனியார் கார் அதன் வாசலை மிதித்தது பெயர் மாற்றும்போதோ, பழைய காருக்குக் கடன் வாங்கும்போதோதான். சாலையோரச் சோதனையில் அதிகாரிகள் தேடியது டீசல் வண்டியின் கரும்புகையை. சென்சார் இல்லாத பெட்ரோல் கார் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக 1996 ஒழுங்குமுறை ஒரு புதுக் காரைத் தூய்மையாகப் பிறக்கச் செய்தது. அது எப்படி வாழ்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. சிங்கப்பூரில் மூன்று ஆண்டு கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே சென்சாரைக் கழற்றி வைத்துக் காலம் தள்ளுவது கடினம்.

மலேசியா முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2009 அக்டோபரில் அறிவித்த தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனை என்ற திட்டம் இருந்தது. ஏழைகளின் காரைப் பழைய இரும்பாக்கிப் புதுக் கார் விற்கப் பார்க்கிறார்கள் என்று மக்கள் எதிர்த்தார்கள். சில வாரத்துக்குள் அரசு பின்வாங்கியது. அந்த எதிர்ப்பைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வாகனத் தொழிலை வளர்க்கும் கொள்கையின் ஒரு பகுதியாக, வாகனத்தின் ஆயுள் முடிவு என்ற பெயரில் வந்த சோதனையை யார் நம்புவார்கள்? லயத்தைக் காலி செய்யும் நோட்டீசை ஒரு முறை பார்த்த குடும்பங்களுக்குக் காரைக் காலி செய்யும் நோட்டீசும் அப்படியே தெரிந்திருக்கும். இழப்பு என்னவென்றால், காரின் வயதைப் பார்க்கும் சோதனையோடு சேர்த்துப் புகையைப் பார்க்கும் சோதனையும் குப்பைக்குப் போனது. இரண்டும் வேறு வேறு. முப்பது ஆண்டுச் சாகாவும் ஒழுங்காகப் பராமரித்தால் அளவோடு புகைவிடும். பத்து ஆண்டுக் காரும் சென்சாரை இழந்தால் அதைவிட மோசமாகும்.

சோதனை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டைப் பார்த்தால் அந்த நம்பிக்கை குறையும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டரும் அவற்றுக்கு ஈயமற்ற பெட்ரோலும் வந்தன. 2000இல் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது. மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றிதழ் எல்லா வாகனங்களுக்கும் கட்டாயம். ஆனால் வண்டியைப் பார்க்காமலேயே சான்றிதழ் கிடைக்கும் என்ற புகார் அந்த முறையோடு கூடவே வளர்ந்தது. காகிதம் மட்டும் கேட்கும் சட்டத்துக்குக் காகிதம் மட்டுமே கிடைக்கும். எனவே நெகிரி செம்பிலானுக்கு வேண்டியது அபராதத்தோடு தொடங்கும் சோதனை அன்று. தாமான்களிலும் தோட்டங்களிலும் இலவசமாகப் புகையை அளந்து கலவை நிலையைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று, அதில் தேறாத பழைய காருக்குச் சென்சார் விலையில் சலுகை ஒன்று, தெருவோரப் பட்டறைகளின் ஃபோர்மேன்களுக்கு அவர்கள் மொழியிலேயே பயிற்சி ஒன்று. பெட்ரோலுக்குக் கொடுக்கும் மானியத்தில் மிகச் சிறு பங்கு இதற்குப் போதும். வணிகச் சங்கங்களும் கூட்டுறவுகளும்கூட இதை எடுத்து நடத்தலாம். கோயில் மண்டபத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடத்துபவர்களுக்கு இது கடினமான காரியமில்லை.

ஒன்றை மட்டும் சென்சார் கட்சிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்று என்று சொல்வதும் கழற்று என்று சொல்வதைப் போலவே சோம்பலான வைத்தியம். எக்ஸாஸ்ட் குழாயில் சிறு ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழைந்து நல்ல சென்சாரையே பொய் சொல்ல வைக்கும். எஞ்சின் எண்ணெய் எரிந்தால் புதுச் சென்சாரும் சில மாதத்தில் மூடிக்கொள்ளும். பொருந்தாத சிலிக்கான் பசை தடவினாலும் அப்படியே. அடுத்த முறை அந்த மஞ்சள் விளக்கு எரியும்போது, வயரைக் கழற்றச் சொல்வதற்கு முன் ஃபோர்மேனிடம் மூன்று காரியம் கேளுங்கள்: குறியீட்டைப் படிக்கட்டும், எஞ்சின் சூடானபின் சென்சார் வயரில் மீட்டரை வைத்து முள் ஆடுகிறதா என்று காட்டட்டும், ஒரு பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்க்கட்டும். முள் ஆடவில்லை, பிளக் கரி, குழாயில் ஓட்டை இல்லை என்றால் சென்சாரை மாற்றுங்கள். பழையதை வாங்காமல் புதியதாகவே வாங்குங்கள். அந்த விலை பெரும்பாலும் ஒரு வருடப் பெட்ரோல் மிச்சத்தில் திரும்பிவிடும்.